சிறுதொழில் தொடங்க எந்தப் பதிவு தேவை? நான்கு கேள்விகளும் அவற்றுக்குரிய சட்டங்களும்

தமிழ்நாட்டில் ஒருவர் சிறிய அளவில் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னவுடன் ஆளுக்கோர் ஆலோசனை வந்து சேர்கிறது. உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு எண்) எடுத்துவிட்டால் போதும் என்பார் ஒருவர். ஜிஎஸ்டி இல்லாமல் ஒரு பில்கூடப் போட முடியாது என்பார் இன்னொருவர். வங்கியில் கேட்டால் கடை லைசென்ஸ் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை சொல்கிறார்கள். இவற்றுள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் குழப்பம் தீருவதில்லை.

ஒரு தொழிலை முழுமையாகப் பதிவு செய்துவிடும் ஒற்றை நடைமுறை என எதுவும் இந்தியச் சட்டத்தில் கிடையாது. தொழிலை யார் நடத்துகிறார், என்ன விற்கிறார், எங்கிருந்து விற்கிறார், எந்த அளவில் நடத்துகிறார் என்னும் நான்கு கேள்விகளை வெவ்வேறு துறைகள் வெவ்வேறு சட்டங்களின்கீழ் கேட்கின்றன. ஒவ்வொரு சான்றிதழும் ஒரு கேள்விக்கே விடை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்க்க முடியாது; அதே சமயம், ஒரு கேள்வி தமக்குப் பொருந்தாது என்றால் அதற்கான பதிவை எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வீட்டில் இட்லிப் பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க விரும்பும் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டால், பின்வரும் விளக்கத்தில் பெரும்பகுதி அவருக்கு நேரடியாகப் பொருந்தும்.

யார் நடத்துகிறார்: தொழிலின் சட்ட வடிவம்

தனி ஒருவர் தம் பெயரிலோ ஒரு வணிகப் பெயரிலோ தொழில் நடத்துவது தனியுரிமைத் தொழில், அதாவது புரொப்ரைட்டர்ஷிப். இதற்கெனத் தனிச் சட்டமோ பதிவாளரோ இல்லை. உரிமையாளரும் தொழிலும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள். அவருடைய பான் எண்ணே தொழிலின் பான் எண். தொழிலில் வரும் லாபம் அவருடைய சொந்த வருமானத்தோடு சேரும். தொழிலில் ஏற்படும் கடனுக்கு அவருடைய வீடும் நகையும் பொறுப்பாகும். பதிவு இல்லாததால் வசதி உண்டு, ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. தம் வணிகப் பெயர் உண்மையில் இயங்குகிறது என்பதற்கு அவரிடம் பிறப்புச் சான்றிதழ் போன்ற ஒரே ஆவணம் இருக்காது. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகள், தனியுரிமைத் தொழிலின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கப் பொதுவாக அந்தப் பெயரில் இரண்டு ஆவணங்களைக் கேட்கின்றன. உத்யம் சான்று, ஜிஎஸ்டி சான்று, உள்ளாட்சி உரிமம், தொழிலின் பெயரிலான மின்கட்டண ரசீது போன்றவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும். "கடை லைசென்ஸ்தான் வேண்டும்" என்று கிளையில் சொல்லப்படுவதற்குப் பின்னணி இந்த விதி. அந்த ஒரே ஆவணம்தான் வேண்டும் என்பது விதியில் இல்லை.

இருவரோ அதற்கு மேற்பட்டவரோ சேர்ந்து நடத்துவது 1932-ஆம் ஆண்டின் இந்தியப் பங்குதாரர் சட்டத்தின்கீழ் வரும். இந்தப் பங்குதாரர் நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்று பலரும் சொல்வது சரி. ஆனால் பதிவு செய்யாததன் விளைவை அச்சட்டத்தின் 69-ஆவது பிரிவு கடுமையாக வைத்திருக்கிறது. பதிவாகாத நிறுவனம், சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராதவர்மீது ஒப்பந்தத்தின் அடிப்படையில் வழக்குத் தொடர முடியாது; ஒரு பங்குதாரர் மற்றவர்மீது ஒப்பந்த உரிமைகளைக் கோரி வழக்குத் தொடரவும் முடியாது. நிறுவனத்தைக் கலைக்கக் கோரியும், கலைந்த நிறுவனத்தின் கணக்கையும் சொத்தையும் கேட்டும் மட்டுமே பங்குதாரர் நீதிமன்றம் செல்லலாம். வெளியாரோ அந்த நிறுவனத்தின்மீது தடையின்றி வழக்குப் போடலாம். வழக்குத் தாக்கலாகும் நாளில் பதிவு இருந்தாக வேண்டும் என்பதால், தகராறு முற்றிய பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்வதற்கு வழி இருந்தாலும் அந்தக் கால இடைவெளியில் கோரிக்கை காலாவதியாகிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே பத்திரத்தாளில் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதி அலமாரியில் வைப்பதோடு நிற்காமல், பங்குதாரர் நிறுவனங்களின் பதிவாளராகச் செயல்படும் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்துவிடுவதே அறிவுடைமை. இந்த வகை நிறுவனத்துக்குத் தனிப் பான் எண் உண்டு. லாபமே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு பங்குதாரர் நிறுவனத்துக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்பதை அண்ணன் தம்பியாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

பொறுப்பை முதலீட்டின் அளவோடு நிறுத்த விரும்புவோருக்கு 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள பங்குதாரர் நிறுவனம்), 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் ஒருநபர் கம்பெனி, பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆகியவை உள்ளன. இவை பதிவான நாளில்தான் பிறக்கின்றன. குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2015-இல் நீக்கப்பட்டதாலும் பதிவு ஆன்லைனில் விரைவாக முடிவதாலும் பலர் யோசிக்காமல் கம்பெனி தொடங்கிவிடுகிறார்கள். கடினமானது பதிவல்ல, பதிவுக்குப் பின்வரும் கடமைகள்தாம். பங்கு மூலதனம் உள்ள கம்பெனி 180 நாள்களுக்குள் தொழில் தொடக்க அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். 30 நாள்களுக்குள் முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். ஒரு ரூபாய்க்குக்கூட விற்பனை இல்லாத ஆண்டிலும் தணிக்கை உண்டு. ஆண்டறிக்கைப் படிவங்கள் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. எல்எல்பிக்கு விற்றுமுதல் (ஆண்டின் மொத்த விற்பனை) 40 லட்சத்தையோ பங்குதாரர்களின் பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் தணிக்கை. வெளி முதலீட்டாளர் வரப்போவதில்லை, பெரிய கடன் ஆபத்தும் இல்லை என்ற நிலையில் இட்லிப் பொடித் தொழிலுக்குப் பிரைவேட் லிமிடெட் என்பது தேவையற்ற சுமை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

உத்யம்: அது உரிமம் அல்ல

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஒரு தொழிலகம் குறு, சிறு, நடுத்தர வகைகளில் எதைச் சேர்ந்தது என்று உரிமையாளரே உறுதிமொழியாக அறிவிப்பதும், அதற்கு அரசு ஓர் எண் தருவதும்தான் இதன் உள்ளடக்கம். ஆதாரும் பான் எண்ணும் போதும், ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, புதுப்பித்தலும் இல்லை. அரசுத் தளத்தைப் போலவே வடிவமைத்துப் பணம் வசூலிக்கும் தனியார் தளங்கள் தேடுபொறியில் முதலில் வந்து நிற்பதால், முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே விவரங்களைக் கொடுக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்த்தப்பட்டுள்ளன. இயந்திரங்களில் முதலீடு 2.5 கோடிக்கும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்கும் மிகாதது குறுந்தொழில். 25 கோடிக்கும் 100 கோடிக்கும் மிகாதது சிறுதொழில். 125 கோடிக்கும் 500 கோடிக்கும் மிகாதது நடுத்தரத் தொழில். இரண்டு அளவுகோல்களில் எதைத் தாண்டினாலும் மேல்வகைக்குப் போக வேண்டும்.

இதன் உண்மையான பயன் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தில் இருக்கிறது. குறு அல்லது சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள், ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாகச் சேரும். அத்துடன், உரிய காலத்தில் தராத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாதபடி வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் 43பி(எச்) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. "உங்கள் உத்யம் சான்றை அனுப்புங்கள்" என்று பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் திடீரெனக் கேட்கத் தொடங்கியது இதனால்தான்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

1. சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கு 2021 ஜூலை முதல் உத்யம் கிடைக்கிறது. ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. வாங்கி விற்பவருக்கு அந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை. தயாரிப்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான் உண்டு.

2. ஒப்பந்தம் முடிந்த பிறகு பதிவு செய்தவர் முந்தைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தின் பயனைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. 2025-இல் இதே கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. முடிவு எப்படி இருந்தாலும், முதல் ஆர்டருக்கு முன்பே பதிவு செய்தவருக்கு இந்த விவாதமே எழாது.

உத்யம் எண் இருப்பதால் உணவு தயாரிக்கவோ கடை திறக்கவோ அனுமதி கிடைத்ததாகாது. சான்றிதழைப் பிரேம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டிவிட்டு வேறெதுவும் எடுக்காமல் இருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

எந்த அளவில் நடத்துகிறார்: ஜிஎஸ்டி கணக்கு

தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்பவருக்கு நிதியாண்டின் மொத்த விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். தாண்டிய 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை போன்ற சில பொருள்களை விற்பவருக்கு 40 லட்ச வரம்பு பொருந்தாது. வரம்புக்குக் கீழே உள்ளவர் பதிவின்றித் தொழில் நடத்தலாம், பில்லும் கொடுக்கலாம். பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு தொகையைச் சேர்த்து வசூலிக்க மட்டும் கூடாது.

மொத்த விற்றுமுதல் என்பது ஒரு கடையின் கணக்கல்ல. ஒரே பான் எண்ணின்கீழ் நாடு முழுவதும் நடக்கும் எல்லாத் தொழில்களின் விற்பனையும், வரிவிலக்குப் பெற்ற பொருள்களின் விற்பனையும் சேர்ந்ததே அது. மளிகைக் கடையில் ஆண்டுக்கு 30 லட்சம் விற்கும் ஒருவர், தமக்குச் சொந்தமான வேறொரு கடையை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும் இதில் சேரும். அதைவிட முக்கியமாக, கடை வாடகை ஒரு சேவை என்பதால் அவர் பொருள்களை மட்டும் விற்பவர் என்ற தகுதியை இழந்து, 20 லட்ச வரம்புக்குள் வந்துவிடுகிறார். வைப்புத்தொகை வட்டிக்கு இதில் விலக்கு உண்டு. வாடகைக்கு அப்படிப்பட்ட விலக்கு இல்லை. நோட்டீஸ் வந்த பிறகே பலருக்கு இது தெரிய வருகிறது.

விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவைப்படும் சூழல்களும் உண்டு. சிறு தொழில்களுக்கு முக்கியமானவை இவை:

1. வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பவர். ஈரோட்டிலிருந்து ஒரு பாக்கெட் பொடி விலைக்குக் கூரியரில் பெங்களூரு போனாலும் அது மாநிலங்களுக்கிடையிலான விற்பனைதான். கடலூர்க்காரருக்குப் புதுச்சேரி பக்கத்து ஊராகத் தோன்றலாம். ஜிஎஸ்டிக்கு அது வேறு எல்லை. புதுச்சேரியில் பொருள்களுக்கான வரம்பும் 40 லட்சம் அல்ல, 20 லட்சம்தான். சேவைகளுக்கும் அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்களுக்கும் மட்டும் வரம்பு வரை தளர்வு உண்டு.

2. ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வழியாகப் பொருள் விற்பவர். 2023 அக்டோபர் 1 முதல் இதில் ஒரு தளர்வு வந்தது. ஒரே மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர், வரம்புக்குக் கீழே இருந்தால், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண்ணைப் பெற்றுக்கொண்டு பதிவில்லாமல் விற்கலாம்.

3. வேறு மாநிலக் கண்காட்சியில் சில நாள்களுக்கு ஸ்டால் போட்டு விற்பவர். இவருக்குத் தற்காலிக வரிசெலுத்துநர் என்ற தனிப் பதிவு உண்டு.

சொந்த விருப்பத்தில் முன்கூட்டியே பதிவு செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. வாங்குபவர்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனங்களாக இருந்தாலோ, பெரிய இயந்திரங்கள் வாங்கி அவற்றுக்குக் கட்டிய வரியை வரவு எடுக்க, அதாவது தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, வேண்டியிருந்தாலோ அது பயன்தரும். நேரடியாக வீடுகளுக்கு விற்பவருக்கு அது பெரும்பாலும் விலையை ஏற்றுவதோடு முடிந்துவிடும். பதிவு எடுத்தவுடன் விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். பூஜ்ஜியக் கணக்குக்குக்கூடத் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு படிவத்துக்கு 500 ரூபாய் வரை. மாதக் கணக்கை ஆறு மாதம் தொடர்ந்து தாக்கல் செய்யாதவரின் பதிவை அதிகாரி ரத்து செய்யலாம்.

விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருப்பவர் காம்பொசிஷன் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், வியாபாரிக்கும் தயாரிப்பாளருக்கும் விற்றுமுதலில் 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம் கட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எளிய படிவம், ஆண்டுக்கு ஒரு கணக்கு என்பதோடு முடித்துக்கொள்ளலாம். இந்த வரியை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. வரி வரவு எடுக்க முடியாது. வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாது.

ஜிஎஸ்டி எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடங்கள் பான் எண். தமக்குச் சரக்குக் கொடுப்பவரின் பில்லில் இருக்கும் எண் உண்மையானதா என்று ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

என்ன விற்கிறார்: பொருளுக்கேற்ற உரிமங்கள்

மேலே சொன்னவற்றில் விற்றுமுதலும் வடிவமும் முக்கியமாக இருந்தன. இங்கே அப்படியல்ல. பொருளின் தன்மையே விதியைத் தீர்மானிக்கிறது.

உணவுப் பொருள் என்றால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் முதல் ரூபாயிலிருந்தே பொருந்தும். சிறிய அளவினருக்குப் பதிவு, பெரியவர்களுக்கு மாநில உரிமம் அல்லது மத்திய உரிமம் என்பது மட்டுமே வேறுபாடு. வீட்டுச் சமையலறையிலிருந்து விற்பவருக்கும் விலக்கில்லை. கிடைக்கும் 14 இலக்க எண் பாக்கெட்டில் மட்டுமல்லாமல், 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இடம்பெற வேண்டும். மாவட்டத்தில் இதைக் கவனிப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர்.

பாக்கெட் போட்டவுடன் இன்னொரு சட்டமும் குறுக்கிடுகிறது: 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளும். தமிழ்நாட்டில் இதைச் செயல்படுத்துவது தொழிலாளர் துறை. பாக்கெட் போடத் தொடங்கிய 90 நாள்களுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 200 கிராம் இட்லிப் பொடிப் பாக்கெட்டின் மேல் இந்த விதிகளின்படி இருக்க வேண்டியவை:

1. தயாரிப்பவர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயரும் முழு முகவரியும்.
2. பொருளின் பொதுப் பெயர். வணிகப் பெயர் மட்டும் போதாது.
3. நிகர எடை. "சுமார் 200 கிராம்", "குறைந்தபட்சம் 200 கிராம்" என்றெல்லாம் எழுதுவது விதிமீறல்.
4. தயாரித்த மாதமும் ஆண்டும்.
5. அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை.
6. அலகு விலை. 200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.45 ரூபாய்.
7. புகார் தெரிவிக்கத் தொலைபேசி எண், மின்னஞ்சல்.

உணவுச் சட்டம் இவற்றோடு சேர்மானப் பட்டியல், சைவத்துக்கான பச்சைக் குறி, தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி ஆகியவற்றையும் கேட்கும். விலை ஏறிவிட்டதென்று பழைய விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலை மறையக் கூடாது. எடை போடும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும். உறை அச்சடிக்கும் முன் இவற்றையெல்லாம் சரிபார்க்காதவர்கள் ஆயிரக்கணக்கில் அடித்த உறைகளைத் தூக்கிப்போட நேர்கிறது.

வீட்டில் சோப்பும் குளியல் பொடியும் செய்து சமூக ஊடகங்களில் விற்பவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. குளியல் சோப்பு, முகப்பூச்சு, ஷாம்பு போன்றவை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் அழகுசாதனப் பொருள்கள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனைக்காக இவற்றைத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமமும், உரிய இடவசதியும், தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளரும் வேண்டும். உணவில் சிறியவருக்கு எளிய பதிவு என்ற படிநிலை உண்டு. இங்கே அது இல்லை. "நானே செய்தது, இயற்கையானது" என்பது உரிமத்துக்கு மாற்றாகாது. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தரநிலைக் குறி கட்டாயம். கைவினைஞர்களாகப் பதிவு பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு.

எங்கிருந்து: இடம் சார்ந்தவை

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பகுதிகளில் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தொழில் உரிமம், அதாவது டிரேட் லைசென்ஸ், அதன்கீழ் உள்ளாட்சி அமைப்பால் தரப்படுகிறது. இதையும் தொழில் வரியையும் பலர் ஒன்றாகக் கருதுகிறார்கள். தொழில் வரி என்பது வருமானம் ஈட்டும் நபரும் நிறுவனமும் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குச் செலுத்துவது. அரசியலமைப்பின் 276-ஆவது உறுப்பின்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போக முடியாது. தொழில் வரி ரசீது இருப்பதால் உரிமம் இருப்பதாகாது.

வீட்டிலிருந்தே தொழில் நடத்துவதில் மின் இணைப்பைத்தான் யாரும் நினைப்பதில்லை. வீட்டு இணைப்பு, வணிக இணைப்பு, குடிசை மற்றும் குறுந்தொழில் இணைப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டணப் பிரிவுகள் உள்ளன. அனுமதிக்கப்பட்ட சில சிறு பயன்பாடுகள் தவிர, வீட்டு இணைப்பில் அரவை இயந்திரமும் குளிர்பெட்டிகளும் வைத்துத் தொழில் நடத்தினால் அது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்கீழ் அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணப் பிரிவின் இரு மடங்கு கணக்கிடப்படும். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். ஜிஎஸ்டி பதிவுக்கு மின்கட்டண ரசீதைத் தொழிலிட ஆதாரமாகக் கொடுப்பவர், அந்த ரசீதில் உள்ள கட்டணப் பிரிவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

புகை, கழிவுநீர், இரைச்சல் உண்டாக்கும் தொழில்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். வாரியம் தொழில்களை மாசின் அளவுக்கேற்பச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை முதலிய வகைகளாகப் பிரித்திருக்கிறது. வெள்ளை வகைக்கு இசைவு தேவையில்லை. கடைப் பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும், பிற மொழிகள் அதன்கீழ் வர வேண்டும் என்பதும் மாநிலக் கடைகள் சட்ட விதிகளில் உள்ள கட்டாயமே.

ஆட்கள் சேரும்போது

முதல் ஆளை வேலைக்கு வைத்த நாளிலிருந்தே குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும். அடுத்த முக்கிய எண் பத்து. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நெடுங்காலம் பதிவு என்பதே இருக்கவில்லை. 2018-இல் நிறைவேறிய திருத்தம் 2024 ஜூலை 2 முதல் நடைமுறைக்கு வந்து, பத்தோ அதற்கு மேற்பட்டோ பணியாளர் உள்ள நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. பிற மாநிலத்தவர் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, இருவர் வேலை செய்யும் கடைக்கும் "ஷாப் ஆக்ட் லைசென்ஸ்" தேடி அலைவோர் இதைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேரானதும் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடும், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழுவும் கட்டாயமாகின்றன. இருபது பேரானதும் வருங்கால வைப்பு நிதி.

தொழிற்சாலை எனக் கருதப்படுவதற்கான எண்ணிக்கை மாறியிருக்கிறது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மின்விசையுடன் 10 பேர், இல்லாமல் 20 பேர் என இருந்தது, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் முறையே 20, 40 என்று உயர்ந்தது.

பெயர்ப் பாதுகாப்பு

உத்யமிலோ ஜிஎஸ்டியிலோ கம்பெனிப் பதிவாளரிடமோ ஒரு பெயரைப் பதிவு செய்வதால் அந்தப் பெயர்மீது வணிகச் சின்ன (டிரேட்மார்க்) உரிமை வந்துவிடாது. அதற்கு 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின்கீழ் தனி விண்ணப்பம் வேண்டும். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் கட்டணம் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்று உதவும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். உறை அச்சடிப்பதற்கு முன்பே வணிகச் சின்னத் தளத்தில் பெயரைத் தேடிப் பார்ப்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

எந்த வரிசையில் செய்வது

சட்டம் வரிசை எதையும் விதிக்கவில்லை. நடைமுறையில் தடங்கல் வரும் இடங்களைக் கொண்டு பார்த்தால் இவ்வாறு செல்வது நல்லது:

1. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போகச் செய்வது. ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் தந்தை பெயரின் விரிவு என்று இருப்பது தமிழ்நாட்டில் சர்வசாதாரணம். ஆன்லைன் சரிபார்ப்பு நின்றுபோவதற்கும் இதுவே முதற்காரணம்.

2. இடத்துக்கான வாடகை ஒப்பந்தம் அல்லது உரிமையாளரின் சம்மதக் கடிதம், சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது ஆகியவற்றை ஒரே முகவரியோடு சேர்த்து வைப்பது.

3. மானியக் கடன் பெறும் எண்ணம் இருந்தால், எதையும் தொடங்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிப்பது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவற்றின் முதல் கடன் புதிய தொழில்களுக்கு மட்டுமே. ஆர்வத்தில் முன்கூட்டியே தொழிலைத் தொடங்கிச் சான்றிதழ்களைக் குவித்தவர் அதற்குள் "ஏற்கெனவே இயங்கும் தொழில்" ஆகிவிடுகிறார்.

4. பொருளுக்குரிய உரிமம், உள்ளாட்சி உரிமம், உத்யம், அவற்றைக் கொண்டு நடப்புக் கணக்கு. ஜிஎஸ்டி தேவைப்பட்டால் கடைசியாக. பல துறைகளின் அனுமதிகளுக்குத் தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளரத் தளத்தில் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கலாம்.

மூடும்போது

தொடங்குவதற்குத் தரப்படும் ஆலோசனைகளில் மூடுவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தொழில் நின்றுபோனாலும் பதிவுகள் தாமாக நின்றுபோவதில்லை. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். ரத்து ஆணை வந்த பிறகு மூன்று மாதங்களுக்குள், கையிலிருக்கும் சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிக் கட்டி, இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் இருந்தவருக்கும் வேறு சிலருக்கும் மட்டும் இதில் தனி விதிகள் உள்ளன. உணவுப் பதிவை ஒப்படைக்க வேண்டும். உத்யம் பதிவை அதே தளத்தில் ரத்து செய்யலாம். பங்குதாரர் நிறுவனம் கலைந்ததை மாவட்டப் பதிவாளருக்கு அறிவிக்காவிட்டால், விலகியவரின் பெயர் ஏட்டில் தொடர்ந்து நிற்கும். கம்பெனியாக இருந்தால் பெயரை நீக்கக் கோரும் விண்ணப்பத்துக்கே 10,000 ரூபாய் கட்டணம். அதற்கு முன் நிலுவையிலுள்ள ஆண்டறிக்கைகளையும், நாளுக்கு 100 ரூபாய் வீதம் சேர்ந்த தொகையையும் கட்டி முடிக்க வேண்டியிருக்கும்.